மணாலியிலும் மழையா?

அரியூரில் மழை என்றால் எங்களுக்கு டீயும் பஜ்ஜியும்தான். பனியையே பார்த்திராத நாங்கள் நாலு பேர், ஒரு வருஷம் சீட்டு கட்டி மணாலிக்குப் போனோம். அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிற நண்பனின் ஆசை அது. மார்ச் மாதம். அங்கேயும் மழை!

சோலாங் பள்ளத்தாக்கு, மணாலியிலிருந்து சுமார் 13 கி.மீ. வாடகை பூட்ஸ், சறுக்குப் பலகை எல்லாம் மாட்டியாச்சு. ஆனால் மழைநீர் ஊறிய பனி, பலகையைக் கஞ்சி மாதிரிப் பிடித்துக்கொண்டது. கால் நின்றது, உடம்பு முன்னால் போனது. நான் ஆறு முறை விழுந்தேன் (யாரும் எண்ணவில்லை என்றுதான் நினைத்தேன்). பலகைகளின் முன்நுனியை உள்பக்கம் சேர்த்தால் அதுதான் பிரேக் என்று பயிற்சியாளர் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார்.

நண்பன் மட்டும் இருபதடி தூரம் விழாமல் சறுக்கினான். மழை நனைக்கும் என்று போன்களையெல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டதால், அதற்கு ஒரு போட்டோகூட இல்லை.