லயம் இல்லாத தோட்டத்தில் ஒரு நாவல்

தீபாவளிக்கு மறுநாள் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சிரம்பானிலிருந்து ரந்தாவ் பக்கம் போனேன். பிறந்த தோட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். தார்ச் சாலை முடிந்து மண் பாதையில் இறங்கினோம். சுற்றிலும் செம்பனை. லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, பால் ஸ்டோரும் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பெரட்டுக்களம் இங்கதான்டா இருந்துச்சு" என்று ஓர் இடத்தைக் காட்டினார். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

நெகிரி செம்பிலானில் இப்படிப்பட்ட தோட்டங்கள் பல உண்டு. 1960களிலிருந்து ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள்; துண்டாடி விற்றார்கள்; பிறகு வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லாபு, சுவா பெத்தோங், பகாவ் பக்கத்து கெடிஸ், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயர்களை இன்றைக்கும் தாங்கி நிற்பவை நம் தமிழ்ப்பள்ளிகள்தான். பால்மரம் சீவிப் பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்தத் தோட்டத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அங்கிருந்துதான் லாரியில் ஏற்றிப் போனார்கள். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. தாத்தா திரும்பவில்லை. திதி கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அப்பாயி, "செத்ததை யாரு பாத்தா?" என்று கேட்பாராம். அந்தக் கேள்வியோடேயே போய்ச் சேர்ந்தார்.

அதற்கு எனக்குக் கிடைத்த பதில் ஒரு நாவலில் இருந்தது. அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்'. 1930இல் பிறந்த அவர் ஜப்பானிய ஆட்சியைச் சிறுவனாகக் கண்டவர். ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே தோட்டத்து மக்களின் கதையை நாவல் நாவலாக எழுதினார். 'லங்காட் நதிக்கரை' போர்க்காலத்தையும் அதற்குப் பின் வந்த கம்யூனிஸ்டுக் கலவரக் காலத்தையும் சொல்கிறது. 'இமயத் தியாகம்' நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களின் கதை. 'சூதாட்டம் ஆடும் காலம்' அவருடைய தன்வரலாறு. 2014இல் வல்லினம் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

தமிழகத்திலிருந்து வந்து நம் தோட்டங்களைப் பார்த்து அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அந்த அக்கறை பெரியது. ரெங்கசாமியோ இந்த மண்ணிலேயே வளர்ந்து, இங்குள்ள நினைவுகளிலிருந்து எழுதியவர். எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசாமல் இருந்ததை அவர் புத்தகத்தில் படித்தேன்.

சயாம் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் மடிந்த பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர்களில் நம் தோட்டத்து ஆட்கள் ஏராளம். பெரும்பாலோருக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, புதைத்த இடமும் தெரியாது.

அன்று வீடு திரும்பியதும் அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் நாவலை நானே வாசித்துக் காட்டத் தொடங்கினேன். இரவுக்குப் பத்துப் பக்கம். காலராவில் ஆட்கள் சாவது வந்தபோது, "போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

தை அமாவாசைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரையில் தாத்தாவுக்கு முதல் திதி கொடுத்தோம். ஐயர் இறந்த நாள் கேட்டார். அப்பா, "நாள் தெரியாதுங்க சாமி. ஊரு சயாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் பிறந்த பெரியவர் ஒருவர் இருப்பார். வருகிற பள்ளி விடுமுறையில் அவரை ஒருமுறை அந்த மண் பாதைக்குக் கூட்டிப் போங்கள். கைப்பேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.