காணாமல் போன கௌரி

அன்புள்ள கௌரி,

உன் பேரால் பட்ட பாட்டைக் கேள். நான் இப்போது புரூஃப் பார்க்கிற நாவலின் நாயகியும் கௌரிதான். தேடிப் பார்த்தால் பல பக்கங்களில் அவள் இல்லை என்கிறது கணினி. எனக்கோ கண்ணெதிரே நிற்கிறாள்! அந்த இடங்களில் எல்லாம் ஆசிரியர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருக்கிறார். நமக்கு ஒரே கௌரி, கணினிக்கு இரண்டு பேர். மௌனம், பௌர்ணமி, வௌவாலுக்கும் இதே கதி.

பொறுக்க முடியாமல் நானே ஒரு கருவி எழுதிவிட்டேன்டீ. பைதானில் சின்ன நிரல்தான். பெயர் 'சலி'. டெர்மினலில் சலி என்று தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். பட்டன், மெனு ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டர் மாதிரி இருக்கு?" என்றார். இருக்கட்டுமே!

யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். அதைச் சரிசெய்யும் வசதி பைதானிலேயே உண்டு. ஔகாரத்துக்கு அது உதவாது; ளகரம் தனி எழுத்தாயிற்றே. அதனால் விதியை நான் எழுதினேன்: கொம்புக்குப் பின் வெறும் ளகரம் வந்தால் பிடி, புள்ளியோ வேறு குறியோ இருந்தால் விடு. வெள்ளமும் கெளுத்தி மீனும் தப்பித்தன. ஆனால் நம் கதாசிரியர்கள் பேச்சுவழக்கில் 'கெளம்பு', 'வெளக்கு' என்றெல்லாம் எழுதுவார்களே! ஆகவே சலி தானாக எதையும் மாற்றாது. வரியைக் காட்டி, மாற்றட்டுமா என்று கேட்கும். கேட்காமல் திருத்துகிற கருவியை நான் நம்புவதில்லை.

சொந்தத் தேவைக்குக் கருவி எழுதுவது நான் மட்டும் செய்கிற வேலையில்லை, ஒரு வம்பு கேள். உலகமே பயன்படுத்துகிற 'கிரெப்' என்ற தேடல் கருவி இருக்கிறதே, அது பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் தன் சொந்த உபயோகத்துக்கு எழுதி வைத்திருந்ததாம். கோப்புகளுக்குள் தேட ஏதாவது வேண்டும் என்று டக் மெக்கில்ராய் வந்து கேட்டபோது, கைவசம் இருப்பதை மனுஷன் வாய்விடவில்லை. ராத்திரி யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம்போலப் பிழை திருத்தி, மறுநாள் நீட்டிவிட்டார்! 2019-ல் பிரயன் கெர்னிகன் எடுத்த பேட்டியில் தாம்சனே இதை உடைத்தார். அந்தக் கெர்னிகன் லேசுப்பட்டவரா? 1977-ல் அஹோ, வைன்பெர்கரோடு சேர்ந்து உருவாக்கிய, உரையை அலசும் 'ஆக்' கருவிக்கு, 2022-ல், 80 வயதில், யூனிகோட் சேர்த்தார். அதுவரை அவர்களுடைய ஆக் ஒரு 'க'வை மூன்று எழுத்தாக எண்ணிக்கொண்டிருந்தது!

உன் அப்பாவின் கோயில் கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றனவே, அனுப்பி வை. அதை யூனிகோடாக மாற்றும் அட்டவணையையும் சலியில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் எடுத்து மட்டும் அனுப்பாதே. சலிக்குப் படம் படிக்கத் தெரியாது.

உன்,
மீனா