ஓரக்கோட்டில் நின்றவர்

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் பாட் சம்மிட்டை முழுசாகப் பார்க்க முடிகிறது. பழைய ஆட்டப் பதிவுகளில் வர்ணனையாளர்கள் ஓயாமல் பேசுகிறார்கள், அரங்கம் அலறுகிறது, நடுவே பாண்டு வாத்தியம் வேறு. எல்லாவற்றையும் நிறுத்தினால் ஓரக்கோட்டருகே உயரமான ஒரு பெண்மணி மிஞ்சுகிறார். மேல்கோட்டு, பேன்ட். மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். பல நேரம் அவர் பந்தைப் பார்ப்பதில்லை. பந்துக்கு எட்டத்தில், இரண்டடி பின்தங்கி ஓடிவரும் பெண்ணைப் பார்க்கிறார்.

அவளுக்கும் அது தெரியும். முதுகில் வெயில் படுவது தெரிகிற மாதிரி.

அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நீலக் கண்களின் முறைப்பு பழக்கம். டென்னசி பல்கலைக்கழகத்து லேடி வால்ஸ் அணியை 38 சீசன் அந்தக் கண்களால்தான் அவர் நடத்தினார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கையில் பாதிக்கு மேல் உண்மை. திட்டு வாங்கும் பெண் தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்த்தே வாங்க வேண்டும். அவரிடம் சேர்ந்த பதினெட்டு வயதுக்காரிகளுக்கு முதலில் பழக வேண்டியிருந்தது இதுதான். ஆனால் அவர்கள் அவரை ‘கோச்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்கவில்லை. ‘பாட்’ என்றார்கள். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

முறைப்பு அப்பாவிடமிருந்து வந்தது. டென்னசியின் கிராமப்புறத்தில் புகையிலையும் பால்மாடும் வைத்திருந்த, அதிகம் பேசாத, பாராட்டவே பாராட்டாத மனிதர். மூன்று அண்ணன்மார்களோடு புகையிலை வெட்டி, வைக்கோல் கட்டிய பெண், இரவில் களஞ்சியத்தின் வைக்கோல் பரணில் அவர்களோடு மோதித்தான் பந்து பழகினாள். பக்கத்துப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்று தெரிந்ததும், அணி இருக்கும் மாவட்டத்துக்குக் குடும்பத்தையே இடம் மாற்றினார் அந்தப் பேசாத அப்பா. பாராட்டு என்று அவருக்குத் தெரிந்தது அதுதான் போலிருக்கிறது.

1974இல், டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லுக்கு மேற்படிப்புக்கும் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கும் வந்தவர், தலைமைப் பயிற்சியாளர் விலகிவிட்டதால் 22 வயதில் அந்த நாற்காலியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. மாதம் 250 டாலர். ஆட்டக்காரிகள் சிலருக்கும் அவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். வேன் ஓட்டுவது அவர், ஜெர்ஸி துவைப்பது அவர். ஜெர்ஸிக்கான காசு டோனட் விற்றுச் சேர்த்தது. வெளியூர் ஆட்டம் என்றால், எதிரணியின் அரங்கத் தரையிலேயே பாய் விரித்துப் படுத்த இரவுகளும் உண்டு. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி. பள்ளிக்கூடப் பெண்கள் முழு மைதானமும் ஓடினால் உடம்பு தாங்காது என்று அணிக்கு ஆறு பேராக, பாதி மைதானத்துக்குள் நிறுத்தி ஆடவைத்த மாநிலம் டென்னசி. பாட் அதை எதிர்த்துப் பேசினார். எழுபதுகள் முடிவதற்குள் அந்த விதி போனது.

இதற்கு நடுவில், முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தானே ஆடி வெள்ளி வாங்கினார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளராகத் தங்கம். தேசியப் பட்டம் மட்டும் 1987 வரை கைக்கு வரவில்லை. அந்த ஆண்டு தொடங்கி எட்டு முறை வந்தது. 1996, 97, 98 என்று தொடர்ந்து மூன்று; கடைசி ஆண்டில் 39 ஆட்டம், 39 வெற்றி. மொத்தக் கணக்கு 1,098 வெற்றி, 208 தோல்வி. இந்த எண்கள் அவருடைய முகத்தில் எங்கேயும் தெரிவதில்லை என்பதுதான் பார்க்கிறவனுக்கு வியப்பு. இருபது புள்ளி முன்னிலையிலும் புருவம் நெரிந்தே இருக்கிறது.

1990 செப்டம்பர் விமானப் பயணத்தை அமெரிக்கர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பிரசவ நாள் நெருங்கிய வயிற்றோடு, பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்குக் கேட்டுப் போகிறார் பாட். அவர்கள் வீட்டிலேயே வலி தொடங்கிவிடுகிறது. பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கட்டுமா என்று விமானி கேட்க, முடியவே முடியாது என்றுவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் வர்ஜீனியா அணி கூடுதல் நேரத்தில் டென்னசியை வீழ்த்தியிருந்தது. அதனால் கைநழுவிய அந்த ஆண்டு இறுதிச் சுற்று நடந்ததோ நாக்ஸ்வில்லில், இவர்களுடைய சொந்த அரங்கத்தில். வர்ஜீனியா மண்ணிலா பிள்ளை பிறப்பது? நாக்ஸ்வில் வந்து சேர்ந்துதான் மகன் டைலரைப் பெற்றார். அந்தப் பெண் மிஷெல் என்ன செய்தாள்? நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு அங்கிருந்து மாறி டென்னசிக்கே வந்தாள். வந்தவளை பாட் பாடாய்ப் படுத்தினார். மிஷெலின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து அவர் கத்துகிற படம் ஒன்று பத்திரிகைகளில் வந்தது. சத்தமே தேவைப்படாத படம். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 1996 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரி அவள்தான்.

இப்படிச் சொன்னால் கண்டிப்பு எல்லாம் நியாயம் என்று ஆகிவிடும். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. இரவு ஊர் சுற்றிவிட்டு வந்தவர்களைக் காலையில் ஓடவிட்டு, வாந்தி எடுக்க மைதானத்தின் நான்கு மூலையிலும் குப்பைத்தொட்டி வைத்தவர் அவர். இன்றைக்குச் செய்தால் புகார் எழும், எழவும் வேண்டும். அதே மனுஷிதான் வகுப்புக்குப் போகாதவளை ஆட்டத்தில் இறக்கமாட்டார். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பதும் சட்டம். அவரிடம் முழுக் காலமும் ஆடியவர்களில் பட்டம் வாங்காதவர் ஒருவர்கூட இல்லை. கோப்பைகளைவிட இந்தக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. கல்லூரி விளையாட்டு கோடிகளில் புரளும் தேசத்தில் படிப்பைப் பேச்சளவில் வைத்திருந்தவர்கள்தான் அதிகம்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் வகை மறதிநோய் தொடங்கிவிட்டது என்று அவரே அறிவித்தார். அடுத்த சீசன் பதிவுகளைப் பார்த்தால் ஓரக்கோட்டில் நின்று கத்துகிறவர் ஹாலி வார்லிக். முன்பு பாட்டிடம் ஆடியவர், பிறகு பல்லாண்டு உதவிப் பயிற்சியாளர். பாட் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டைம் அவுட்டில் பெண்கள் கூடும்போது ஹாலி பேசுகிறார். நிருபர்களிடமும் ஹாலிதான். எதிரணி ரசிகர்கள்கூட பாட் சம்மிட்டுக்கு ஆதரவான வாசகம் எழுதிய டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அவர் மரியாதையாகத் தலையசைக்கிறார். சில நொடி பழைய முறைப்பு வருகிறது. நடுவரைப் பார்த்து, அல்லது பின்தங்கி ஓடுகிற ஒருத்தியைப் பார்த்து. வந்த வேகத்தில் போய்விடுகிறது. முறைப்பு இல்லாத அந்த முகத்தை இத்தனை வருஷம் நாம் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் தோன்றுகிறது. சாதாரணமான, களைத்த, நல்ல முகம்.

2012 மார்ச்சில் பெய்லர் அணியிடம் 77-58 என்று தோல்வி. அந்த ஆண்டு பெய்லரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. அதுவே பாட்டின் கடைசி ஆட்டம். ஏப்ரலில் பத்திரிகையாளர் கூட்டம் வைத்து ஹாலியிடம் ஒரு விசிலைக் கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து, 2016 ஜூனில், 64 வயதில் காலமானார்.

ஹாலி அந்த விசிலோடு இறங்கிய முதல் சீசனின் முதல் ஆட்டம் பக்கத்து ஊர் சட்டனூகா அணியோடு. 80-71. தோற்றார்கள்.