மஞ்சள் காலின் வழித்தடம்

வீட்டுக் கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே என்று டார்வின் 1868-இல் எழுதினார். பெருமளவு அது சரி. 863 பறவைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வும், தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் அந்த இனத்தின் ஒரு கிளையிடமே போய் நின்றது. என்னைத் தேட வைத்தது அந்த விடையோடு ஒட்டாத ஒரு சிறு விவரம். சிவப்புக் காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். வளர்ப்புக் கோழிகளில் எத்தனையோ வகைகளுக்கு மஞ்சள். வளர்ப்பில் தற்செயலாக நேர்ந்த மாற்றம் என்று கடந்துபோயிருக்கலாம். 2008-இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் அப்படிக் கடக்கவில்லை. பிசிடிஓ2 என்ற மரபணு உண்டாக்கும் நொதி, தீவனத்தில் வரும் கரோட்டினாய்டு நிறமிகளைச் சிதைக்கிறது. தோலில் மட்டும் அந்த மரபணு அடங்கிக் கிடந்தால் நிறமி அங்கே தங்கிக் கால் மஞ்சளாகும். அடங்கிக் கிடக்கும் அந்த வடிவம் ஒத்துப்போனது சிவப்புக் காட்டுக்கோழியோடு அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாம் காணும் சாம்பல் காட்டுக்கோழியோடு.

ஊர்க்கோழிதான் காட்டோரம் மேய்ந்து தன் மரபணுவைக் காட்டுக்குக் கொடுத்திருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி. அப்படியானால் மஞ்சள் வடிவம், ஓரிரு எழுத்து மாறிய சிவப்புக் காட்டுக்கோழி டிஎன்ஏவாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் துண்டு நெடுகிலும் இரண்டு இனங்களுக்கு இடையே இருக்கும் அளவு வேறுபாடு தெரிகிறது. இரண்டுக்கும் பொதுவான பழைய மூதாதையின் சொத்து என்ற வாதமும் நிற்காது. அத்தனை காலத்தில் அது துணுக்குகளாகச் சிதறியிருக்கும். ஆக, முதலில் வேறெங்கோ பழக்கப்பட்ட கோழி மனிதரோடு இந்தியத் தீபகற்பத்துக்கு வந்து, இங்கிருந்த காட்டு உறவோடு கலந்திருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: மஞ்சள் கால் கோழியை வீட்டுப் பறவையாக்கவில்லை; வீட்டுப் பறவையான பிறகே அதற்கு மஞ்சள் கால் வந்தது.

காலின் நிறம் வெறும் அலங்காரம், அதைக் கொண்டு பொதுவாகப் பேச முடியாது என்பார்கள். சரி, அலங்காரமல்லாத ஒன்றைப் பார்ப்போம். டிஎஸ்ஹெச்ஆர் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பியை உண்டாக்கும் மரபணு; பகல் நீளத்துக்கேற்ப இனப்பெருக்கம் நடப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 2010-இல் அதே உப்சாலா குழு சோதித்த 271 வளர்ப்புக் கோழிகளில் 264-இல் அதன் மாறிய வடிவம் இரட்டைப் பிரதியாக இருந்தது. பருவம் பார்க்காமல் முட்டையிடும் குணத்தோடு அதைச் சேர்த்து, கோழியைக் கோழியாக்கிய மரபணு இதுதான் என்று கொண்டாடினார்கள். பிறகு தோண்டியெடுத்த பழைய எலும்புகள் பேசின. கி.மு. 280 தொடங்கிப் 18-ஆம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பியக் கோழிகளை 2014-இல் ஆராய்ந்தபோது, பலவற்றில் பழைய வடிவமே இருந்தது. மஞ்சள் காலுக்குச் சோதித்த 25-இல் ஒன்றுக்குத்தான் அந்த வாய்ப்பு. 2017-இல் வந்த கணக்கீடு, டிஎஸ்ஹெச்ஆர் மீதான தேர்வு ஐரோப்பாவில் கி.பி. 920 வாக்கில்தான் வலுப்பெற்றது என்றது. நாற்கால் விலங்கின் இறைச்சியை விலக்கிய கிறித்தவ நோன்பு விதிகளையும் நகரங்களின் பெருக்கத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள். காரணம் ஊகம், காலக்கணிப்பு அதைவிட உறுதியானது.

ஐரோப்பா கோழிக்கு ஓரத்து நிலம்தானே, ஆசியாவில் அந்த வடிவம் முன்பே பரவியிருக்கலாமே என்று கேட்கலாம். பரவியிருக்கட்டும். அது இல்லாத கோழிகளும் வளர்ப்புக் கோழிகளாகவே ஐரோப்பா வரை போய்ப் பல நூற்றாண்டுகள் கூண்டில் வாழ்ந்தன என்பதே என் வாதத்துக்குப் போதும். இன்று எல்லாக் கோழியிடமும் இருப்பது அன்றே இருந்தது என்று கொள்வதற்கு இடமில்லை.

அப்படியானால் தொடக்கத்தில் மாறியது எது? மனிதர் மீதான அச்சமாக இருக்கலாம். லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் சிவப்புக் காட்டுக்கோழிகளில் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சுபவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். அச்சத்தை ஆள்வது ஒற்றை மரபணு அல்ல, சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல. அவை எலும்பிலும் காலின் நிறத்திலும் அடையாளம் விட்டுச் செல்வதில்லை. சில தலைமுறைகளிலேயே அந்தப் பறவைகள் எடை கூடின, பெரிய முட்டையிட்டன. எடைக்காகவோ முட்டைக்காகவோ அவற்றை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.