பேர் போடாத நாட்கள்

தேயிலைத் தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து சேராவிடின் அரைப்பேர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று 2014இல் பட்டத்துடன் லயத்துக்குத் திரும்பிய எனக்கு, மூன்றாண்டுக் காலம் ஒரு பேரும் விழவில்லை.

கலஹாவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் எங்கள் வீடு. விடியற்காலையில் அம்மா கூடையுடன் மலைக்குச் செல்வார். நான் சான்றிதழ்க் கோவையுடன் கண்டிக்குப் பஸ் ஏறுவேன். வெள்ளிக்கிழமைதோறும் வர்த்தமானியைப் பார்ப்பதும், விண்ணப்பம் எழுதுவதும், உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரைப் பொறித்துப் பதிவுத் தபாலில் சேர்ப்பதுமே என் தொழிலாயின. இரண்டாமாண்டில் அந்த ஊக்கமும் வற்றிற்று. வாவிக்கரை மர நிழலில் மாலை வரை அமர்ந்துவிட்டு, அலைந்து களைத்தவன் போல் வீடு திரும்பினேன். பஸ் கட்டணமோ அம்மாவின் கொழுந்திலிருந்து வந்தது. அதனை எண்ணும்போது இன்றும் நாணுகிறேன்.

இது என் ஒருவனின் சோம்பல் என்றே அப்போது நம்பினேன். ஆஸ்திரியாவின் மரியந்தால் என்னும் ஆலைக் கிராமத்தைப் பற்றிப் பின்னர் படித்தேன். 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட அவ்வூரை மாரி யஹோடா முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். கைநிறைய நேரம் இருந்தும் மக்கள் நூலகத்தில் நூல் எடுப்பது குறைந்தது. ஆண்களின் நடையே தளர்ந்தது. வேலையின்மை பணத்தை மட்டுமன்று, பொழுதையும் பறிக்கின்றது!

நம் நாட்டிலும் இது பழைய கதையே. 1971 ஏப்ரலில் கிளர்ந்தெழுந்த இளைஞருள் படித்தும் வேலையற்றோர் பலர். சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் சார்பில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த குழு, கல்வி வளர்க்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வேலைகளுக்குமிடையே பொருத்தமில்லை என்று அவ்வாண்டே எடுத்துக்காட்டிற்று. மலையகத்தாருக்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே மறுத்திருந்தது. எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது?

2016இல் ஒருநாள் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பரீட்சை முடிந்து நான்கு நாட்களுக்குப் பின் அது என் கையை அடைந்தது! லயத்து வீட்டுக்கு இலக்கமில்லை, தெருவில்லை. எல்லார் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே ஒரே கட்டாக வரும், அலுவலகத்தில் கிடக்கும், யாரேனும் அவ்வழி செல்லும்போது கிடைக்கும். அன்றிரவு நான் உண்ணவில்லை. அம்மா சொன்னார்: “இன்னக்கி எனக்கும் அரைப்பேருதான் போட்டாங்க தம்பி. அதுக்காக நாளைக்கு மலைக்குப் போகாம இருப்பேனா?”

மறுநாள் நான் கண்டிக்குப் போகவில்லை. என்னைப் போல் கடிதத்துக்குக் காத்திருந்த ஆறு பேரைத் தேடிச் சென்றேன். ஒவ்வொரு நாளும் ஒருவர் அலுவலகத்தில் கடிதங்களைப் பெற்று, அப்பியாசக் கொப்பியில் தேதியுடன் பதிந்து, அன்று மாலையே வீடுகளில் சேர்ப்பதென முடிவு செய்தோம். முதலில் அலுவலகம் முகஞ்சுளித்தது. ஆறு பேரும் சேர்ந்து சென்றபோது இசைந்தது. பிறகு பெரியவர்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்தோம். மாலையில் சாதாரணதர மாணவருக்கு வகுப்பு நடத்தினோம். தாதியர் பயிற்சிக்கான நேர்முக அழைப்பொன்று உரிய நாளில் ஒரு பெண்ணின் கையை அடைந்தபோது, அக்கொப்பியை நாங்கள் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தோம்.

அக்கொப்பி எனக்கு உத்தியோகம் தேடித் தந்தது என்று சொன்னால் பொய்யாகும். பட்டதாரிகளை ஆசிரியராகச் சேர்த்தபோது என் முறையும் வந்தது, அவ்வளவே. அறுவருள் இருவர் இன்னும் நிலையான வேலையின்றி இருக்கின்றனர். அவர்களிடம் முயற்சியைப் பற்றிப் போதிக்க எனக்கு வாயில்லை. ஆனால் வாவிக்கரையில் தனியே அமர்ந்தவன் மீண்டும் விண்ணப்பம் எழுதும் தெம்பைப் பெற்றது அந்தக் கூட்டத்திலேதான்.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பை விட்டுச் சென்ற மாணவர் வேலையின்றி வீட்டில் இருப்பாராயின் ஒருமுறை சென்று பாருங்கள். ‘இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லையா?’ என்று கேட்க வேண்டாம். சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலையுடன் செல்லுங்கள். லயத்து வீடுகளுக்கு இலக்கம் வேண்டுமென்று மனு எழுதுவதிலிருந்தே தொடங்கலாம்.