உள்ளே கசியும் இரத்தம்

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும், 12 ஆண்டுகளாய் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றி எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அவள் மருத்துவர் பலரிடம் சென்று கைப்பொருளையெல்லாம் செலவழித்தாள் என்னும் குறிப்பை மட்டும் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். எங்கள் பங்கின் இளம்பெண் ஒருத்திக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நடந்தபோது, அந்தக் குறிப்பிலேயே நாங்கள் நெடுநாள் தங்க நேர்ந்தது.

அவளுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். எலும்பு மச்சையை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏற்றும் முயற்சிகளை 1957இல் அமெரிக்காவில் வெளியிட்ட டோனல் தாமசுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை தொடங்கியது. உடன்பிறந்தார் ஒருவரின் திசுவகை முற்றிலும் பொருந்த நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. அவளுக்கு ஒரே தம்பி, அவனே பொருந்தினான்.

குருத்தணுக்களை ஏற்றுமுன் பழைய மச்சையைக் கடும் மருந்துகளால் அழிக்கிறார்கள். விரைந்து பெருகும் உயிரணுக்களையெல்லாம் அம்மருந்து தாக்கும். வாய் முதல் குடல் வரை உள்ள மென்சவ்வும் அவ்வகையே. சவ்வு புண்ணாகும் அதே நாள்களில் இரத்தத்தை உறையச்செய்யும் தட்டணுக்களும் குறைகின்றன. இயல்பாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000க்குக் குறையாதவை 10,000க்கும் கீழே இறங்குவதுண்டு. வெளிக்காயமானால் கண்ணுக்குத் தெரியும். மேற்குடலில் கசிவதோ தார்போல் கறுத்த மலமாகத்தான் பெரும்பாலும் தன்னைக் காட்டும்.

தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆதலால் முறைவைத்துக் கொடுக்கச் சென்றோம்: இளைஞர் இயக்கத்தார், வின்சென்ட் தே பவுல் சபையினர், கோவில் வாசலில் வண்டி நிறுத்தும் ஆட்டோ ஓட்டுநர் இருவர் (கோவிலுக்குள் அவர்கள் வந்ததில்லை, அழைப்புக்கு முதலில் வந்தவர்கள் அவர்களே). நாங்கள் கொடுத்ததைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றினார்கள். எங்கள் வெள்ளணுக்கள் அவள் உடலில் குடியேறிக் கலகம் செய்யாதிருக்கவே அந்த ஏற்பாடு.

தம்பியின் அணுக்களோ குடியேறவே அனுப்பப்பட்டவை. மூன்றாம் வாரத்தில் அவை வேர்கொண்டன. அதன்பின் அவளுடைய தோலையும் குடலையும் அயலாகக் கண்டு தாக்கவும் தொடங்கின. வயிற்றுப்போக்கு, அதைத் தொடர்ந்து இரத்தம். இதே அறிகுறிகளைச் சைட்டோமெகலோ என்னும் வைரசும் தோற்றுவிக்கும். அணுக்களின் சீற்றத்தைத் தணிக்கும் ஸ்டிராய்டு மருந்து, வைரசாக இருந்தால் அதற்கு வழிதிறந்துவிடும். குழாய்க் கருவியைச் செலுத்திச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெளிவு. தட்டணு குறைந்தவளிடம் துணுக்கு எடுப்பதோ மேலும் இரத்தப்போக்குக்கு ஏதுவாகலாம். இத்தகைய இக்கட்டில் கையொப்பம் கேட்கப்படும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது மிகக் குறைவு. அருகில் உட்கார்ந்திருந்தோம்.

“அக்காளைக் கொல்வது என் இரத்தம்தானா, சாமி?” என்று தம்பி பங்குத்தந்தையிடம் கேட்டான். வயது 19. ஆறுதல் மொழி ஒன்றை எடுத்து நீட்டுவது எளிது. அவர் அதைச் செய்யாதது எங்களுக்குப் பிடித்திருந்தது. அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அயலை அறிந்து தாக்கும் அதே ஆற்றல்தான் மறைந்திருக்கும் புற்றணுக்களையும் தேடி அழிக்கிறது என்றார் மருத்துவர். அதை முற்றிலும் ஒடுக்கினால் பழைய நோய் திரும்பக்கூடும். ஒடுக்காவிட்டால் குடல் தாங்காது. “உன் அணுக்கள் அவளை இன்னும் அறியவில்லை, தம்பி. பழக நாளாகும்” என்றார்.

துணுக்கில் வைரசு இல்லை, ஸ்டிராய்டு தொடங்கினார்கள். அந்நாள்களில் அவள் வாய்வழியாக எதுவும் உட்கொள்ளவில்லை. அப்பம் உண்ண இயலாத நோயாளர் இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறத் திருஅவை இடம் தருகிறது. அவளுக்கு அதுவும் தடை. பங்குத்தந்தை கண்ணாடிக்கு அப்பால் நின்று செபிப்பார். அவள் ஞான நற்கருணை செபத்தை உதடசைத்துச் சொல்வாள்.

கடந்த வாரம் வடித்த கஞ்சி இரண்டு கரண்டி கொடுத்தார்கள். மறுநாள் காலை மலத்தின் நிறம் என்னவென்று செவிலியரிடம் முதலில் கேட்டவன் தம்பி. மஞ்சள் என்றார் அவர். ஸ்டிராய்டின் அளவை இன்னும் குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்களில் இருவர் தட்டணு கொடுக்கப் போகிறோம்.