மிக்கி மவுஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்!

கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில் மிக்கி மவுஸ் வேஷம் போட என்ன தகுதி வேண்டும்? டிகிரியா? சிபாரிசா? ஊஹும்... முதலில் உயரம்! தேர்வுக்கு வருபவர்களை அளந்து பார்ப்பார்கள். மிக்கிக்கு ஐந்தடி ஆள் போதும், கூஃபிக்கு ஆறடி ஆசாமி வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் அளவு பொருந்தாவிட்டால் அந்த வேஷம் கிடையாது.

அடுத்து நடிப்பு. முகம் முழுக்க மூடிய வேஷம், பேசவும் கூடாது. அதனால் கோபம், பயம், வெட்கம் எல்லாம் கையிலும் காலிலும் தோளிலும்தான் தெரிய வேண்டும். கூடவே கொஞ்சம் நடனம்.

தேறிவிட்டால் ஜாலிதான் என்று நினைக்காதீர்கள். கனமான உடுப்பு, உள்ளே வியர்வை, ஓடி வந்து மேலே விழும் குழந்தைகள்! மிக்கியின் கையெழுத்துகூட யார் போட்டாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

வாயே திறக்கக் கூடாத இவர்கள் 2024 மே மாதம் வாய் திறந்தார்கள். வேஷக்காரர்களும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேருக்காக ஓட்டெடுப்பு நடந்து, நடிகர் சங்கத்தில் சேர முடிவானது. சம்பளமும் பாதுகாப்பும்தான் காரணம்.

இனி மிக்கியோடு போட்டோ எடுத்தால் உள்ளே இருப்பவருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள். பதில் வராது, தலை மட்டும் ஆடும்!